வீரம்மாவுக்கு டிக்கட் வெட்டிய நாள்

நர்ஸ் நிஷாந்தினிக்கு அந்த ஆஸ்பத்திரி வாட்டில் சவுக்கார மிஸ் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னால், முதலில் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து சொல்லு என்பாள். பார்வையாளர் நேரம் தொடங்கினால் போதும், வாட்டு வாசலில் போய் நின்றுகொள்வாள். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிய கை, மார்க்கெட்டில் மீன் பொறுக்கிய கை, கோயில் மணியைத் தொட்ட கை, எந்தக் கையானாலும் குழாயடிக்குப் போய்ச் சவுக்காரம் போட்டுக் கழுவித்தான் உள்ளே வர வேண்டும். "நான் வீட்லயே கழுவிட்டேன் மிஸ்" என்று எவராவது நழுவப் பார்த்தால், "அப்படியா? நீட்டுங்க, மோந்து பாக்குறேன்" என்பாள். பெரிய மனுஷர்கள்கூட அசடு வழிந்துகொண்டு குழாயடிக்குத் திரும்புவார்கள். இவளுக்கென்ன, வெட்கமா மானமா!

மாமியாரின் கண் ஒப்பரேஷனுக்காக லீவில் போயிருந்தவள், அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் வேலைக்குத் திரும்பினாள். வாட்டுக்குள் நுழைந்ததுமே ஜன்னலோரக் கட்டிலில் வீரம்மா சேலையெல்லாம் கட்டிப் பையும் கையுமாக உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது.

"டிக்கட் வெட்டியாச்சு மிஸ்!" என்றாள் வீரம்மா. நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

வீரம்மா மஹய்யாவைக்காரி. கண்டி டவுனில் தெருக் கூட்டுகிறவள். சாக்கடைக் கானில் இறங்கிக் குப்பை வாரும்போது பழைய தகரத் துண்டு ஒன்று செருப்பைக் கிழித்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறிவிட்டது. மஞ்சளை அரைத்துப் பத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள் மகராசி. கால் வீங்கி எந்தச் செருப்புக்குள்ளும் நுழையாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. புண்ணை வெட்டித் துப்புரவாக்கி ஊசி மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறவில்லை என்று காய்ச்சல் தாள் காட்டியதால் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார்கள். அன்று காலை டொக்டர் இப்ஹாம் தாளைப் பார்த்தார், நல்லது, வீட்டுக்குப் போகலாம் என்று கையெழுத்து வைத்துவிட்டார். யார் பார்த்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வீரம்மாவுக்கு அவசரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் சிந்துஜாவுக்குச் சடங்கு. வயசுக்கு வந்த பிள்ளைக்குத் தண்ணி ஊற்றித் தாய்மாமன் சீர் வைக்க வேண்டும். வீரம்மாவுக்கு ஒரே தம்பி, சதீஸ். கல்யாணம் காட்சி ஒன்றும் ஆகாதவன். அக்காள் மகளின் சீருக்காகவே கட்டாரிலிருந்து லீவு கேட்டு வந்திருந்தான். திங்கட்கிழமை அவனுக்கு விமானம். மண்டபம் பேசியாகிவிட்டது, அட்டன் பக்கத்துச் சொந்தமெல்லாம் வரப்போகிறது. தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தால் எப்படி?

"நல்லதுக்கா, போயிட்டு வாங்க. கையில இன்னும் குத்தியிருக்கிற ஊசிய மட்டும் கழட்டி விடுறேன்" என்று சொல்லிக்கொண்டே நிஷாந்தினி பக்கத்தில் வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள்.

வீரம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். ரவிக்கையின் கொக்கிகள் மாறி மாறி மாட்டப்பட்டிருந்தன. உதடு காய்ந்து வெளுத்திருந்தது. நிஷாந்தினி கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினாள். சும்மா உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு மலை ஏறி வந்தவளின் மூச்சு. நாடியைப் பிடித்தாள். அது குதித்து ஓடிக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரை வைத்தாள். காய்ச்சல் இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை.

"பாத்தீங்களா, நான்தான் சொன்னேன்ல" என்றாள் வீரம்மா.

நிஷாந்தினி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிரஷரை அளந்தாள். இறங்கியிருந்தது. "காலையில இருந்து ஒண்ணுக்குப் போனீங்களா?"

"போகலயே."

"சரி, சிந்துஜா என்னா பண்றா?" பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டாள்.

வீரம்மா கொஞ்சம் யோசித்தாள். "அவ தொட்டில்ல தூங்குறா மிஸ். சத்தம் போடாதீங்க" என்றாள்.

சடங்குக்குக் காத்திருக்கிற பிள்ளை தொட்டிலில் தூங்குகிறதாம்! நிஷாந்தினிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீரம்மாவின் பையை வெடுக்கென்று பிடுங்கினாள், மருந்தறை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகினாள், டொக்டருக்குப் போன் போட்டாள்.

இப்ஹாம் வேறொரு வாட்டில் இருந்தார். "டெம்பரேச்சர் எவ்வளவு மிஸ்?"

"அது நோர்மல் டொக்டர். அத விட்டுருங்க. மூச்சு வாங்குது, நாடி ஓடுது, பிரஷர் விழுந்திருச்சு, சிறுநீர் இல்ல, பேச்சு தடுமாறுது. எனக்கு இது செப்சிஸ் மாதிரி இருக்கு. டிக்கட் வெட்டின ஆள்தான், ஆனா நான் அனுப்ப மாட்டேன்."

நல்ல மனுஷன், வீம்பு பிடிக்கவில்லை. "ஒக்சிஜன் வைங்க. சேலைன் ஏத்துங்க. கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து வைங்க. இந்தா வாறேன்" என்றார்.

வீரம்மாவின் புருஷன் வந்து சேர்ந்தது அந்த நேரம் பார்த்துத்தான். இராமகிருஷ்ணன் ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டியை வாசலில் விட்டுவிட்டு, செக்யூரிட்டி விரட்டுவதற்குள் பெண்சாதியை ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று ஓடி வந்தவர், மூக்கில் ஒக்சிஜன் குழாயோடு படுத்திருக்கிறவளைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"என்னா மிஸ் இது? டிக்கட் வெட்டிட்டாங்கன்னு இப்பதானே போன்ல சொன்னா!"

"வெட்டினாங்க. இப்ப போக ஏலாது. கைய கழுவிட்டு வாங்க, சொல்றேன்."

"கையாவது காலாவது! நாளன்னிக்குச் சடங்கு! மச்சான் திங்கக்கெழம போறான்! அவள எழுப்பி விடுங்க. எங்க அவ பை?"

"பூட்டி வச்சிருக்கேன்."

"பூட்டி வச்சிருக்கீங்களா? இது என்னா ஞாயம்? ஆஸ்பத்திரியா ஜெயிலா?" வாட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "சொந்தப் பொறுப்புல கையெழுத்து வச்சிட்டுக் கூட்டிட்டுப் போகலாம்ல? பேப்பர குடுங்க. வைக்கிறேன்."

அப்படிப் போகலாம்தான். அதைத் தடுக்க நிஷாந்தினிக்கு உரிமை இல்லை. அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. கத்தியிருப்பாள். சேலைன் போத்தலை மாட்டுகிற அவசரத்தில் கத்தவில்லை.

"தாறேன்" என்றாள். "கையெழுத்து வைக்கிற கையால மொதல்ல உங்க சம்சாரத்தோட கைய புடிங்க."

இராமகிருஷ்ணன் முறைத்தார். பிறகு பிடித்தார். பிடித்ததும் முகம் மாறியது. "என்னா இப்படிச் சில்லுனு இருக்கு?"

"நகத்த அமுக்கி விடுங்க. உங்க நகத்தையும் அமுக்கிப் பாருங்க."

அவருடைய நகத்தில் சிவப்பு உடனே திரும்பி வந்தது. வீரம்மாவின் நகம் வெளுத்தது வெளுத்தபடி நின்று, மெல்ல மெல்லத்தான் நிறம் பிடித்தது. அவர் மறுபடி அமுக்கிப் பார்த்தார். அப்போதும் அப்படித்தான்.

"கால்ல பூந்த கிருமி ரத்தத்துக்கு ஏறியிருக்குன்னு நெனைக்கிறேன்" என்றாள் நிஷாந்தினி. குரல் இறங்கியிருந்தது. "ஒரு வீட்ல திருடன் பூந்துட்டான்னு வைங்க. அவனப் புடிக்க ஊரே எழும்பி வந்து, கதவ ஒடச்சு, செவர ஒடச்சு, கடைசில வீடே விழுந்தா எப்படி? இவங்க ஒடம்பு இப்ப அதத்தான் பண்ணுது. உடனே மருந்து ஏறணும். ஆட்டோல ஏத்திட்டுப் போனீங்கன்னா, சடங்கு வீட்ல வேற காரியம் நடக்கும். நான் மூடி மறைச்சுப் பேச மாட்டேன்."

இராமகிருஷ்ணன் பெண்சாதியைக் குனிந்து பார்த்தார். "வீரம்மா, இங்க பாரு. நான் யாரு?"

வீரம்மா யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள். அந்த மனுஷன் கட்டில் காலருகே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பண்ணுங்க மிஸ். என்னா வேணும்னாலும் பண்ணுங்க" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்து விசும்பல் கேட்டது. மஸீனா. இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தால் கால்விரலில் புண் வந்து படுத்திருந்த அம்மாள். வாய் ஓயாமல் பேசுகிறவள், அன்று அதுவரைக்கும் வாயே திறக்கவில்லை.

"மிஸ், நான்தான் குடுத்த."

"என்னத்த குடுத்தீங்க?"

"பனடோல்." தலையணை உறைக்குள் கையை விட்டு ஒரு காய்ச்சல் மாத்திரைக் கார்டை எடுத்தாள். பாதிக்கு மேல் காலி. "காய்ச்சல் பாக்க வாற நேரத்துக்கு முன்னுக்கு ரெண்டு ரெண்டா போடுவா. மகள்ட சடங்குக்குப் போகணும், காய்ச்சல் இருந்தா டிக்கட் வெட்ட மாட்டாங்கன்னு அழுதா. எனக்குப் பாவமா இருந்திச்சு. யா அல்லாஹ், இப்படி ஆகும்னு எனக்குத் தெரியா மிஸ்."

நிஷாந்தினிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அழகான காய்ச்சல் தாள்! அத்தனை நாளும் அது காட்டியது பனடோலின் கைவேலையை. உள்ளுக்குள் காய்ச்சல் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. அதை மூடி வைத்து, ஊசியையும் நிறுத்தச் செய்து, இந்த ரெண்டு பெண்களும் சேர்ந்து ஒரு ஆஸ்பத்திரியையே ஏமாற்றியிருக்கிறார்கள். இரக்கப்பட்டு! தின்னக் கொடுக்க வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா இவளுக்கு?

"உங்ககிட்ட அப்புறம் பேசிக்கிறேன்" என்றாள். இரண்டு எட்டு போனவள் திரும்பி வந்தாள். "இப்பவாச்சும் சொன்னீங்களே. அதுக்குப் புண்ணியமாப் போகும்."

உண்மையிலேயே அது உதவியது. ஓடி வந்த இப்ஹாமிடம் நிஷாந்தினி முதலில் சொன்னது பனடோல் கதையைத்தான். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "அப்ப காய்ச்சல் நிக்கவே இல்ல. மாத்திரைக்குக் கேக்கல்ல. கால்ல உள்ளுக்கு இன்னும் சீழ் இருக்கு" என்றார். கட்டைப் பிரித்து உள்ளங்காலை அமுக்கியபோது, அரைநினைவிலும் வீரம்மா துடித்தாள்.

இன்னும் வீரியமான ஊசி மருந்தாக மாற்றி எழுதினார். அது வாட்டில் இருக்கவில்லை, கீழே மருந்தகத்தில் எடுக்க வேண்டும். ஏவலுக்கு இருந்தவரை எங்கேயோ அனுப்பியிருந்தார்கள். "வந்ததும் அனுப்புவோம்" என்றாள் இன்னொரு நர்ஸ். நிஷாந்தினிக்குக் காத்திருக்கத் தெரியாது. இந்த நோயில் மருந்து பிந்தப் பிந்த உயிர் நழுவும் என்று படித்தது மட்டுமில்லை, பார்த்தும் இருக்கிறாள். மருந்துத் துண்டைப் பிடுங்கிக்கொண்டு படிகளில் ஓடினாள். மருந்தக வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். "திட்டுறவங்க பொறவு திட்டுங்க!" என்று தமிழில் பாதி சிங்களத்தில் பாதியாகக் கத்தி, வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். கிருமி பார்க்கிற கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாகியிருந்தது. கையைக் கழுவினாள். ஆமாம், அந்த அவசரத்திலும் விரலிடுக்கு விடாமல் கழுவினாள். ஊசி வாயைத் துடைத்து, மருந்தை ஏற்றினாள். பிறகு சிறுநீர்க் குழாய் போட்டு, பையைத் தொங்கவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொட்டு விழ வேண்டுமே, தாயே, ஒரு சொட்டு விழ வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்தது.

பொழுது சாய்வதற்குள் ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் காலைத் திறந்து சீழை எடுத்தார்கள். அங்கிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மண்டபம் பூட்டியே கிடந்தது. தாய்மாமன் சதீஸ், சீர்ச் சேலையும் சங்கிலியும் இருந்த பையோடு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றான். வேலை முடிந்து வீரம்மாவை எட்டிப் பார்க்கப் போன நிஷாந்தினி அவனையும் கழுவச் சொல்லித்தான் உள்ளே விட்டாள். அக்காளுடைய கால்மாட்டில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். பேசாமல் நாமே தண்ணி ஊற்றிவிடுவோம், அவன் போகிறதுக்குள் சீரையாவது வைத்துவிடுவோம் என்று சொந்தத்தில் சிலர் பேசிப் பார்த்தார்களாம். சிந்துஜா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "எங்கம்மா எழும்பாம என் தலையில ஒரு சொட்டு விழக்கூடாது." திங்கட்கிழமை சதீஸ் சீரை அக்காள் வீட்டிலேயே வைத்துவிட்டு விமானம் ஏறினான்.

வீரம்மா பிழைத்தாள். ஆனால் வாட்டுக்குத் திரும்பி வந்தபோது நிஷாந்தினியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தாள்.

"எந்தம்பி போயிட்டான். இப்ப சந்தோசமா உங்களுக்கு?"

சுருக்கென்று தைத்தது. ஓடி ஓடி உழைத்ததுக்கு இதுவா கூலி என்று கண் கலங்கியது. ஆனாலும் நிஷாந்தினி விட்டுக்கொடுக்கிற ஆளா?

"போன தம்பி திரும்பி வருவாரு. நீங்க போயிருந்தா?"

வீரம்மாவின் தோள் குலுங்கியது. நிஷாந்தினி அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனாள். மஸீனா தன் கட்டிலில் இருந்தபடியே, "அழாதீங்க தங்கச்சி, அந்த மிஸ் இல்லாட்டி நானெல்லாம் கொலகாரியாயிருப்பேன்" என்றாள்.

சில நாள் கழித்து, விடிகாலையில் வீரம்மாவின் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "மிஸ், குளிருது. மாத்திரை ஒன்னும் போடல, சத்தியமா. கை எரியுது, வந்து பாருங்க."

நிஷாந்தினி ஓடிப்போய்ப் பார்த்தாள். ஊசி ஏற்றியிருந்த இடத்தில் தோல் சிவந்து தடித்திருந்தது. காய்ச்சல் இப்போதுதான் தலைகாட்டியிருந்தது. உடனே அந்த ஊசியைக் கழற்றி எறிந்து, இடத்தைத் துடைத்து, டொக்டருக்குச் சொல்லி, மற்றக் கையில் புதிதாகப் போட்டாள். சாயங்காலமே காய்ச்சல் அடங்கிவிட்டது. சொல்லாமல் இருந்திருந்தால் அது கிருமிக்கு இன்னொரு வாசலாகியிருக்கும்.

"டிக்கட் பிந்தும்னு தெரிஞ்சும் சொன்னீங்களே" என்றாள் நிஷாந்தினி.

"பிந்தட்டும்" என்றாள் வீரம்மா. "எம்புள்ள தலையில நான் நின்னு தண்ணி ஊத்தணும்."

அதற்குப் பிறகு வெட்டிய டிக்கட் உண்மையான டிக்கட். நிஷாந்தினியே பையை வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனாள்.

சடங்குக்கு வேறு நாள் குறித்தார்கள். இராமகிருஷ்ணன் பத்திரிகையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நிஷாந்தினி போனாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் பரிசுப் பார்சல் என்று மண்டபப் படியேறினவள் வாசலில் மலைத்து நின்றாள். பன்னீர்ச் செம்புக்கும் சந்தனக் கிண்ணத்துக்கும் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு குவளை, புதுச் சவுக்காரம். மஸீனா, ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்துவிட்டுக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, வருகிறவர் போகிறவரை எல்லாம் அதட்டிக்கொண்டிருந்தாள். "கழுவிட்டுப் போங்க, ஆ, நீங்களும்தான்!"

உள்ளே சிந்துஜாவை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். எதிரே ஒரு கதிரை. அதில் சாய்த்து வைத்திருந்த போனுக்குள் சதீஸ், வேலைத்தளத்துத் தொப்பியோடு, சிரிக்கவும் மாட்டாமல் அழவும் மாட்டாமல் இருந்தான். அவன் வைத்துவிட்டுப் போன சேலையும் சங்கிலியும் தட்டில் இருந்தன. இராமகிருஷ்ணனுடைய அக்காள் மஞ்சள் தண்ணிச் செம்பைக் கையில் எடுத்துவிட்டாள். முதல் தண்ணி அத்தைக்காரியுடையது என்று அவளுக்கு நிச்சயம்.

"கொஞ்சம் இருங்க மயினி" என்றாள் வீரம்மா. ஒரு காலை லேசாக இழுத்து நடந்து வந்து, செம்பை அவள் கையிலிருந்து வாங்கினாள். "மொதத் தண்ணி இவங்க ஊத்தட்டும்." நிஷாந்தினியிடம் நீட்டினாள்.

"ஐயோ, நான் எப்படிக்கா? நான் என்னா சொந்தமா?"

"தம்பிகிட்ட கேட்டுட்டேன். அவனும் சரின்னுட்டான்."

போனுக்குள்ளிருந்து சதீஸ் தலையை ஆட்டினான். அத்தைக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒதுங்கினாள். வாட்டில் அத்தனை பேரை அதட்டின நிஷாந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் செம்பை வாங்கப் போனாள்.

வீரம்மா செம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல கைய நீட்டுங்க மிஸ்" என்றாள். "மோந்து பாக்கணும்."